இரண்டு கிளட்சும் ஒரு காலும்

என் கணவரின் இடது கால் முதன்முதலாகச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது லஸ் முனை சிக்னலில். கிளட்சை மிதித்தார், அதாவது, மிதித்ததாக நினைத்தார். பாதம் பாதி வழியில் தொங்கிப்போய் நின்றது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு அணைந்தது. கார் விஷயத்தில் அவரைப்போல ஒரு கர்வியை நான் பார்த்ததில்லை. நடுரோட்டில் வண்டியை அணையவிடுகிறவர்களைப் பார்த்து, "இவாளுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தா?" என்று கண்ணாடிக்கு உள்ளேயிருந்தே திட்டுகிறவர். அன்றைக்குப் பின்னால் நின்ற பேருந்துக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. இவர் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மரத்துப்போச்சு போலிருக்கு" என்றார். நானும் நம்பினேன்.

மரத்துப்போகவில்லை. தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன என்றார் டாக்டர். இடது பாதத்தில் ஆரம்பித்திருக்கிறது, வலது காலுக்கும் வரும், பிறகு கைவிரல்களுக்கு. எப்போது என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும் என்றார். மாத்திரை ஒன்று எழுதினார். அது குணப்படுத்தாது, வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்றார். நான் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எந்தக் கேள்விக்கும் ஒரு விடை உண்டு என்று பிள்ளைகளை நம்பவைத்துப் பிழைக்கிறவள். அந்த அறையில் எனக்கு யாரையாவது ஓங்கி அறையவேண்டும்போல் இருந்தது.

என் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "டாக்டர், கார் ஓட்டலாமா?"

"ஆட்டோமேட்டிக்கா இருந்தா, வலது கால் நல்லா இருக்கிற வரைக்கும் ஓட்டலாம். மாசாமாசம் வந்து என்கிட்ட காட்டிட்டு ஓட்டுங்க."

அந்த ஒரு பதிலை மட்டும் எடுத்துக்கொண்டுதான் அவர் வெளியே வந்தார். மந்தைவெளிக்குத் திரும்பும் ஆட்டோவில் நான் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் சொன்னார்: "டூயல் கிளட்சா, டார்க் கன்வர்ட்டரா, அதை முதல்ல முடிவு பண்ணணும்."

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அவர் ஆடிட்டர். வாரம் முழுக்க அடுத்தவர்களுடைய வரிக் கணக்கைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வேறு மனிதர். ஈசிஆரில் மாமல்லபுரம் வரை ஒரே ஓட்டம், மாதத்தில் ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ரேஸ் டிராக். எங்களுக்குக் குழந்தை இல்லை. வண்டி துடைப்பதற்கென்று அவர் வாங்கிவைத்திருக்கும் துணிகளின் தரத்தில் எனக்கு ஒரு புடவைகூட எடுத்துத் தந்ததில்லை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்காட்டுவேன். அவருக்கு அதில் வெட்கமே கிடையாது. அந்த மனிதரிடமிருந்து வண்டியையும் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? வலது கால் இருக்கும்வரை அவர் ஓட்டவேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அதனால் நானும் படித்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வியாதியைப் பற்றிப் பேசவில்லை. கியர்பாக்ஸைப் பற்றித்தான் பேசினோம். காலைக் காப்பியில் ஆரம்பிக்கும், விளக்கணைத்த பிறகும் ஓடும்.

நான் புரிந்துகொண்டது இதுதான். டூயல் கிளட்சில் கிளட்ச் இரண்டு. ஒன்று, மூன்று, ஐந்து ஒரு கிளட்சின் பொறுப்பு. இரண்டு, நான்கு, ஆறு மற்றதன் பொறுப்பு. மூன்றாவது கியரில் ஓடும்போதே நான்காவது தயாராகக் காத்திருக்கும். பந்தியில் சாம்பார் வாளி நகர்வதற்குள் ரசக்காரர் கரண்டியோடு வந்து நிற்பாரே, அப்படி. ஒன்று விடும், மற்றது பிடிக்கும், நடுவில் இழுவை அறுபடாது. காலால் மிதிக்கிற கிளட்ச் மட்டும் இதில் கிடையாது. அந்த வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும். டார்க் கன்வர்ட்டர் வேறு ஜாதி. அதில் இஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றையொன்று நேராகப் பிடித்துக்கொள்வதில்லை. இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிராக வைத்து ஒன்றைப் போட்டால் அந்தக் காற்றில் மற்றது சுற்றும் இல்லையா? காற்றுக்குப் பதில் எண்ணெய். வண்டி நின்றாலும் எண்ணெய் வழுக்கிக்கொடுக்கும், எதுவும் தேயாது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், தானாக நகரும். வேகம் எடுத்த பிறகு இரண்டையும் பூட்டிவிடுகிற ஏற்பாடும் உள்ளேயே உண்டு.

என் கட்சி டார்க் கன்வர்ட்டர். "ஊர் பூரா மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கான். ஆத்துலேர்ந்து லஸ் போறதுக்குள்ள எத்தனை தடவை ஊர்ந்து ஊர்ந்து நிக்கறோம்? டூயல் கிளட்ச் ஒவ்வொரு தடவையும் உள்ள தேய்ச்சுண்டேதான் நகரும். சூடாயிடும்" என்றேன்.

"நான் என்ன கறிகாய் வாங்கவா வண்டி வாங்கறேன்?" என்றார். "டார்க் கன்வர்ட்டர்ல நான் ஒண்ணு சொல்வேன், எண்ணெய் அதைக் கேட்டுண்டு, யோசிச்சு, அந்தப் பக்கம் போய்ச் சொல்லும். டூயல் கிளட்ச்ல கியர் விழறது முதுகுல தெரியும்டி."

அவருடைய கல்லூரி நண்பர் ஒருவர் ராயப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்கிறார். டிராக்குக்கு இருவரும் சேர்ந்துதான் போவார்கள். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை அண்ணி என்கிற அர்த்தத்தில் பாபி என்பார். அவருடைய ஜெர்மன் கார் டார்க் கன்வர்ட்டர். என் பேச்சு எடுபடாது என்று தெரிந்ததும் அவரைத்தான் வரச்சொன்னேன்.

"இன்னா மச்சி, உங்க நைனா காலத்து ஆட்டோமேட்டிக்னு நெனச்சுகினு கீறியா?" என்று சாவியை நீட்டினார் பாய். "எட்டு கியர். பெரிய பெரிய ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிக்காரனே டூயல் கிளட்ச்சை உட்டுட்டு இதுக்கு வந்துகினு கீறான். ஓட்டிப் பாத்துட்டுப் பேசு."

கோட்டூர்புரம் பாலம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தோம். நான் பின்சீட்டில். வண்டி பறந்தது; கியர் மாறியதே எனக்குத் தெரியவில்லை. அதுதான் அவருக்குக் குறை. "நன்னாத்தான் இருக்கு" என்றார், சம்பந்தி வீட்டுக் காப்பியைச் சொல்வதுபோல. "ஆனா எல்லாத்தையும் அதுவே பண்ணிக்கறதுடா. நான் எதுக்கு?"

அடுத்த சனிக்கிழமை, உபயோகித்த ஸ்போர்ட்ஸ் கார்கள் விற்கும் ஓர் இடத்தில் டூயல் கிளட்ச் வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்தார். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரல் அளவுக்கு இரண்டு பட்டைகள். வலதை இழுத்தால் மேல் கியர், இடதை இழுத்தால் கீழ். இழுத்தார். டக்கென்று விழுந்தது. மறுபடி இழுத்தார். இன்னொரு டக். எனக்கே முதுகில் தெரிந்தது. லஸ் முனைக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "என் கால் போயிடுத்துங்கறதே இதுல தெரியலைடி" என்றார். அதற்குமேல் எந்த வாயால் நான் எண்ணெயைப் பற்றிப் பேசுவது?

வாங்கினோம். கொஞ்ச காலம் நன்றாகவே இருந்தது. ஞாயிறு ஞாயிறாக ஈசிஆர். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கடலைப் பார்க்கிற சாக்கில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வருவேன். தினமும் காலையில் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து என் உள்ளங்கையை அவருடைய வலது பாதத்தில் வைப்பேன், அவர் மிதித்துக் காட்டவேண்டும். டாக்டர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. கை பின்னால் போனால் எனக்குக் காப்பி இறங்கும். அந்த நாட்களில் தினமும் பின்னால் போயிற்று.

இந்த ஊரில் கார் ஓட்டக் கற்றவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும்போது பிரேக்கைத் தொடமாட்டார்கள். கிளட்சைப் பாதி விட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரு நூல் மிதித்து, முன்னும் போகாமல் பின்னும் சரியாமல் வண்டியை அந்தரத்தில் பிடித்து நிறுத்துவார்கள். ஹாஃப் கிளட்ச். அது கைவந்தால்தான் டிரைவர். எனக்கு அதைச் சொல்லித்தந்த காலத்தில் இவரிடம் நான் வாங்கிய திட்டுக்கு, வேறு பெண்ணாக இருந்தால் அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள்.

புது வண்டியில் கிளட்ச் மிதியே கிடையாது. ஆனால் அவருடைய வலது காலுக்கு அது தெரியவில்லை. ஏற்றத்தில் நின்றதுமே அது பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டருக்குப் போய்விடும். ஒரு நூல் மிதித்து வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டார்க் கன்வர்ட்டர் என்றால் எண்ணெய் கொஞ்சம் தாங்கும். இதில் உள்ளே கிளட்ச் தேய்ந்து எரிந்துகொண்டிருக்கும். "ஏன்னா, பிரேக்கைப் போடுங்கோ" என்று நான் சொல்லாத மேம்பாலம் இல்லை. "சரி சரி" என்பார், போடுவார். அடுத்த மேம்பாலத்தில் கால் மறுபடியும் அங்கே போய் நிற்கும். அத்தனை வருஷப் பழக்கம். சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரே காலும் பழைய பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அசோக் நகரில் பிசியோதெரபி முடித்துத் திரும்பும்போது கோடம்பாக்கம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் அது நடந்தது. உச்சி வெயில். மேலே எதுவோ நின்றுபோய் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. முதலில் வாசனை வந்தது, தோசைக்கல்லில் துணி கருகுவதுபோல. பிறகு அவருக்கு எதிரே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. அவர் மிதித்தார். இஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. சூடு தாங்காமல் கியர்பாக்ஸ் பிடியை விட்டுவிட்டது. நாங்கள் பின்னால் சரிந்தோம். நடுவிலிருந்த பார்க்கிங் பிரேக் பொத்தானை நான்தான் இழுத்தேன். பின்னால் இருந்த ஆட்டோவின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

ஆட்டோக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "இன்னா சார், ஏத்தத் தெரிலன்னா இன்னாத்துக்கு இம்மாம் பெரிய வண்டி?"

மற்ற நாளாக இருந்தால் இவர் விட்டிருக்கமாட்டார். அன்றைக்குக் கையைக் கூப்பினார். அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இறங்கிப்போய் அந்த ஆட்டோக்காரரைக் கண்டபடி திட்டினேன். அவர் அரண்டுபோய், பின்னால் வந்த வண்டிகளை ஒதுக்கிவிட உதவினார்.

இரண்டு கிளட்சும் கருகிவிட்டன என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில். மாற்று பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். "வந்துடும் மேடம்" என்றார் அங்கிருந்த சர்வீஸ் அட்வைசர். அதற்குப் பிறகு அவர் என்னிடம் சொன்னதெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான். கப்பலில் இருக்கிறது, வந்துடும் மேடம். துறைமுகத்தில் இருக்கிறது, வந்துடும் மேடம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே மாடிப்படியில் நின்று அவருக்கு ஃபோன் போடுவேன். கெஞ்சுவேன், மிரட்டுவேன், மறுபடி கெஞ்சுவேன். ஒரே ஒரு தடவை மட்டும், அவசரம் என்றால் வேறு வண்டி ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டார். எது அவசரம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இதற்குள் காலையில் என் உள்ளங்கை பின்னால் போவது நின்றுவிட்டது. முதலில் ஒரு நாள் சந்தேகம். மறுநாள் சரியாக இருப்பதுபோல் ஒரு நினைப்பு. பிறகு சந்தேகமே இல்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்பார். "நன்னா அழுத்தறேள்" என்று கையை நானே பின்னால் இழுத்துக்கொள்வேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினேன். வியாதி குணமாகவேண்டும் என்று வேண்டிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை; அதைக் கேட்டு அவரும் கைவிரித்துவிட்டால் எங்கே போவது? பார்ட் சீக்கிரம் வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு கிளட்சுக்காக வடைமாலை சாத்தின பெண்பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பாய் தன் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். "உன் வண்டி வர்ற வரைக்கும் ஓட்டிகினு இரு மச்சி." இவர் மாட்டேன் என்றுவிட்டார். தன் வண்டி வரட்டும் என்றார். அன்று அவரோடு நான் போட்ட சண்டை கீழ் வீடுவரை கேட்டிருக்கும். "நான் தலைப்பாடா அடிச்சுண்டேனே, டூயல் கிளட்ச் வேண்டாம்னு! கேட்டேளா? இப்ப கடனுக்கு வர்ற வண்டியையும் வேண்டாங்கறேளே!" என்றேன். நான் சொன்னது சரியாகத்தான் போயிற்று. வகுப்பில் சரியான விடைக்கு மதிப்பெண் உண்டு. இங்கே அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் கையாலேயே இயக்குகிற கம்பி பொருத்திக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குச் சட்டைப் பொத்தான் போட வராமல் போனது.

மாதாந்திரப் பரிசோதனையில் டாக்டர் தன் கையை அவருடைய வலது பாதத்தில் வைத்தார். மிதிக்கச் சொன்னார். இன்னும் கொஞ்சம் என்றார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, "இனிமே ஓட்டவேண்டாம் சார்" என்றார். இவர் தலையை ஆட்டினார், மணி என்ன என்று கேட்டதற்கு யாரோ பதில் சொன்னதுபோல.

அந்த வாரத்திலேயே ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஃபோன் வந்தது. "மேடம், ஸ்வீட் எடுத்து வைங்க. பார்ட் வந்துடுச்சு! மாட்டிகிட்டே இருக்கோம். வெள்ளிக்கிழமை சார் வந்து ஓட்டிகிட்டே போகலாம்." நான் ஃபோனைத் துண்டித்துவிட்டேன். பாவம், அந்த மனிதருடைய குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

செய்தியைச் சொன்னதும் என் கணவர், "ஒரு தடவை ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கறேன். ஒரே தடவை. பாய்கிட்ட சொல்லேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் எதற்கும் கெஞ்சியது கிடையாது.

ஆடி மாதம். முகூர்த்தம் கிடையாது என்பதால் கல்யாண மண்டபங்களெல்லாம் பூட்டிக் கிடந்தன. அசோக் நகரில் பாய்க்குத் தெரிந்த ஒருவருடைய மண்டபத்தின் பின்பக்கம் பெரிய கார் நிறுத்துமிடம். கேட்டைச் சாத்திவிட்டால் ஈ காக்கை வராது. பாய் அவரைச் சக்கர நாற்காலியிலிருந்து அள்ளி எடுத்துத் தன் ஜெர்மன் காரின் டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். வலது பாதத்தைத் தூக்கி ஆக்ஸிலரேட்டரின்மேல் வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிங் பிரேக் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டேன். பாய் வெளியே நின்றபடி குனிந்து, தன் கையால் பிரேக்கை அழுத்தி, கியரை டிரைவில் போட்டார்.

"போலாமா மச்சி?"

"விடுடா."

பாய் கையை எடுத்துக் கதவைச் சாத்தினார். வண்டி ஒரு சத்தமுமில்லாமல் நகர ஆரம்பித்தது. மனிதன் நடக்கிற வேகம். பாய் ஜன்னலில் ஒரு கையை வைத்தபடி கூடவே நடந்து வந்தார். என் கணவர் இரண்டு மணிக்கட்டுகளாலும் ஸ்டீயரிங்கைத் தள்ளித் தள்ளித் திருப்பினார். மூலையில் வளைந்தோம். சமையற்கட்டுச் சுவரை ஒட்டி ஒரு நீள ஓட்டம், மறுபடி ஒரு வளைவு. அவருடைய முதுகு நிமிர்ந்தது. கழுத்தில் ஒரு நரம்பு புடைத்துக்கொண்டது. தன்னால் முடிந்த மட்டும் மிதிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"பாத்தியா, எப்படி இழுக்கறது பாரு!" என்றார். "நான் லேசாத்தான் மிதிக்கறேன்."

நான் இஞ்சினின் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். அது வண்டி சும்மா நிற்கும்போது இருக்கும் இடத்திலேயே இருந்தது. ஒரு மயிரிழை அசையவில்லை. கீழே அவருடைய பாதம் பாய் வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே பாயும் அந்த முள்ளைப் பார்த்திருக்கவேண்டும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தார்.

"ஏன்னா, கொஞ்சம் மெதுவாப் போங்கோ" என்றேன். "எனக்கு பயமா இருக்கு."